நான்கு வாசல்களைத் தாண்டி வேலந்தாவளம்: பெருந்தொற்றுக்காலப் பயணம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில் டிக்கெட் பதிவு, விசா, பாஸ்போர்ட் விண்ணப்ப வேலைகள் செய்யும் சிறிய அலுவலகம் நடத்துகிறேன். கொழிஞ்சாம்பாறையிலிருந்து தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் வேலந்தாவளம் வரை வீட்டுப் பேச்சு பெரும்பாலும் தமிழ்தான். அரசு அலுவலகத்துக்குப் போனால் மலையாளம். ஆஸ்பத்திரி, சந்தை, கல்யாண ஜவுளி எல்லாவற்றுக்கும் கோயம்புத்தூர். இந்த மூன்றும் ஒரே நாளில் நடக்கும் ஊர் இது.

2021 செப்டம்பரிலிருந்து 2022 ஏப்ரல் வரை ஒரே குடும்பத்துக்காக நான் செய்த வேலையைக் குடும்பத்தாரின் ஒப்புதலோடு இங்கே பதிவு செய்கிறேன். அவர்களைப் பெரியவர், மகன், மகள், மருமகன், பேத்தி என்றே குறிப்பிடுகிறேன். நான் செய்த தவறு ஒன்றும் இதில் இருக்கிறது. அது அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு விலை வைத்தது என்பதையும் எழுதியிருக்கிறேன்.

பின்னணி

பெரியவருக்கு அப்போது 79 வயது. தென்னந்தோப்பு வைத்திருந்தவர். சிறுநீரகம் செயலிழந்து, வாரத்துக்கு இரண்டு முறை கோயம்புத்தூரில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். மகன் உடன் இருந்து கவனித்தார். மகள் பிரிட்டனில் குடியேறி அந்த நாட்டுக் குடியுரிமை பெற்றவர். அவரிடமும் ஒன்பது வயதுப் பேத்தியிடமும் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினர் விசா இல்லாமல் இந்தியா வருவதற்கான அட்டை) இருந்தது. மருமகன் பிறப்பால் ஆங்கிலேயர். அவரிடம் ஓசிஐ இல்லை. 2019 இறுதியில் இணையத்தில் எடுத்த ஐந்தாண்டுச் சுற்றுலா மின்விசா மட்டும் இருந்தது.

2020 ஏப்ரலில் குடும்பமாக வருவதாக இருந்தார்கள். மார்ச் 11 அன்று இந்திய அரசு, ஒருசில வகைகள் தவிர எல்லா விசாக்களையும் 13ஆம் தேதி முதல் நிறுத்திவைத்தது. ஓசிஐ அட்டைக்காரர்கள் விசா இல்லாமல் வரும் உரிமையும் அதோடு நின்றது. சில நாட்களில் சர்வதேச விமானங்களே நின்றுபோயின.

அந்த ஜூனில் பெரியவரின் மனைவி இறந்தார். மே 22 அன்றே உள்துறை அமைச்சகம் சில விலக்குகளை அறிவித்திருந்தது. குடும்பத்தில் இறப்பு போன்ற அவசரத்துக்கு ஓசிஐ அட்டைக்காரர்கள் வரலாம் என்பது அவற்றில் ஒன்று. ஆகவே சட்டப்படி மகள் வரலாம். ஆனால் வெளிநாட்டில் சிக்கியவர்களை அழைத்துவர அரசு இயக்கிய வந்தே பாரத் விமானத்தில் பெயர் பதிந்து இடம் கிடைக்க வேண்டும், கணவரையும் குழந்தையையும் அங்கே விட்டுவிட்டு வர வேண்டும், வந்த பிறகு 14 நாட்கள் தனித்திருக்க வேண்டும். இருபது பேருக்கு மேல் கூட முடியாத அந்தக் காரியத்தை மகள் கைபேசித் திரையில்தான் பார்த்தார். கைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்த அண்ணனின் கை நடுங்கியதால் பாதி நேரம் வானம்தான் தெரிந்தது என்று பின்னால் ஒருநாள் என்னிடம் சொன்னார். இந்தக் குடும்பம் பின்னால் எடுத்த முடிவுகள் எல்லாவற்றுக்கும் அடியில் அந்த ஜூன் மாதம் இருக்கிறது.

எல்லை கடப்பதும் எளிதாக இல்லை. 2020 மே மாதம் பிற மாநிலங்களிலிருந்து திரும்புவோருக்காகக் கேரளம் ஆறு சோதனைச்சாவடிகளைத் திறந்தபோது, பாலக்காட்டுக்கு வாளையாறு மட்டுமே கிடைத்தது. வேலந்தாவளம் வழியே நேராகப் போய்வந்த பெரியவர், வாளையாறு சுற்றிப் போகத் தொடங்கினார். போகும்போது தமிழ்நாட்டின் இ-பாஸ், திரும்பும்போது கேரளத்தின் ஜாக்ரதா இணையதளப் பதிவு. 2021 ஆகஸ்ட் 5 முதல், கேரளத்திலிருந்து வருவோர் 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் கொரோனா பரிசோதனை முடிவோ, இரண்டு தவணைத் தடுப்பூசிச் சான்றோ காட்ட வேண்டும் என்று தமிழ்நாடு உத்தரவிட்டது. பெரியவர் இரண்டு தவணையும் போட்டிருந்தார். மகனுக்கு ஒரு தவணைதான் முடிந்திருந்தது. கோவிஷீல்டு இடைவெளியை மே மாதத்தில் 12 முதல் 16 வாரங்களாக நீட்டியிருந்தார்கள். தவணை நாள் வரும் வரை, அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துப்போவதற்காகவே மகன் திரும்பத் திரும்ப மூக்கில் குச்சி விட்டுக்கொண்டார்.

முதல் முயற்சி: 2021 அக்டோபர்

செப்டம்பரில் மகள் என்னை அழைத்தார். பிரிட்டனில் அக்டோபர் கடைசி வாரம் பள்ளி விடுமுறை. 23ஆம் தேதி புறப்பட்டு ஒன்பது நாட்கள் இருந்துவிட்டுத் திரும்புவது திட்டம். 2020 அக்டோபர் 22 முதலே, சுற்றுலா தவிர மற்ற காரணங்களுக்கு ஓசிஐ அட்டைக்காரர்களும் வெளிநாட்டவரும் வர அனுமதி இருந்தது. மருமகனின் விசா பற்றி அப்போதே கேட்டேன். “2024 வரை இருக்கிறது” என்றார் மகள். நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

அக்டோபர் 1 அன்று செய்தி வந்தது. இந்தியத் தடுப்பூசிச் சான்றைப் பிரிட்டன் ஏற்க மறுத்ததற்குப் பதிலடியாக, 4ஆம் தேதி முதல் பிரிட்டனிலிருந்து வரும் அந்நாட்டுக் குடிமக்கள் எல்லோரும் தடுப்பூசி போட்டிருந்தாலும் பத்து நாட்கள் தனித்திருக்க வேண்டும் என்றது இந்தியா. புறப்படும் முன், விமான நிலையத்தில், எட்டாம் நாள் என மூன்று பரிசோதனைகள். ஒன்பது நாள் விடுமுறைக்குப் பத்து நாள் தனிமை. 6ஆம் தேதி டிக்கெட்டை டிசம்பருக்கு மாற்றினோம். 13ஆம் தேதி அந்த விதியே திரும்பப் பெறப்பட்டது.

ஒரு வாரம் பொறுத்திருக்கலாமே என்று பெரியவரின் மகன் வருத்தப்பட்டார். நான் அந்த முடிவைத் தவறு என்று இன்றும் நினைக்கவில்லை. கட்டணமில்லாமல் தேதி மாற்றும் சலுகை 7ஆம் தேதியோடு முடிந்தது. விதி எப்போது விலகும் என்பதை யாரும் சொல்ல முடியாத நிலையில், கையில் இருந்த தகவலுக்கு அதுதான் சரியான முடிவு.

விசா: நான் தவறவிட்ட சொல்

என் தவறு வேறு இடத்தில் நடந்தது. அக்டோபர் 7 அன்று உள்துறை அமைச்சகம், தனி வாடகை விமானங்களில் வருவோருக்கு 15ஆம் தேதி முதலும் மற்ற விமானங்களில் வருவோருக்கு நவம்பர் 15 முதலும் சுற்றுலா விசா வழங்கப்படும் என்று அறிவித்தது. நான் தலைப்பை மட்டும் படித்துவிட்டு, “இனிச் சுற்றுலாவுக்கும் வழி திறந்துவிட்டது, மாப்பிள்ளைக்குச் சிக்கல் இல்லை” என்று மகளுக்குச் செய்தி அனுப்பினேன்.

அந்த அறிவிப்பில் “புதிதாக வழங்கப்படும் விசா” என்று இருந்தது. அந்தப் “புதிதாக” என்ற சொல்லை நான் நின்று படித்தது நவம்பர் 16 அன்று. 2020 மார்ச்சில் நிறுத்திவைத்த பழைய சுற்றுலா விசாக்கள் அப்போதும் நிறுத்தத்திலேயே இருந்தன. தாளில் 2024 என்று அச்சிட்டிருந்தாலும், அதை நீட்டினால் விமான நிறுவனத்தின் கவுண்டரிலேயே ஆளைத் திருப்பி அனுப்புவார்கள். சரி, புதிதாக மின்விசா எடுக்கலாம் என்று விண்ணப்பப் பக்கத்தைத் திறந்தால், நாடுகளின் பட்டியலில் பிரிட்டன் இல்லை. பிரிட்டன் குடிமக்களுக்கான மின்விசா 2022 டிசம்பரில்தான் திரும்பக் கிடைத்தது. அதுவரை நேரில் போய்ப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துத்தான் விசா வாங்க வேண்டும்.

அன்று மாலை மகளை அழைத்து நடந்ததைச் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “இப்போது என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள் அண்ணா” என்று கேட்டார். கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று புதிய சுற்றுலா விசா. மற்றொன்று, இந்திய வம்சாவளியினரின் கணவன் அல்லது மனைவிக்குத் தரும் நுழைவு விசா. திருமணச் சான்று, மனைவியின் ஓசிஐ நகல் என்று இரண்டாவதற்குக் காகிதம் அதிகம். ஆனாலும் அதையே எடுக்கச் சொன்னேன். பெருந்தொற்று தொடங்கியதிலிருந்து கடைசியாகத் திறந்தது சுற்றுலா வகைதான். அடுத்த அலை வந்தாலும் அதுதான் முதலில் மூடும். நோயில் இருக்கும் மாமனாரைப் பார்க்க வருபவர், சுற்றுலாப் பயணி என்ற பெயரில் வரக் கூடாது. மருமகனுக்கும் ஓசிஐ எடுக்கலாமே என்று மகள் கேட்டார். எடுக்கலாம்தான், ஆனால் அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைத்தது நவம்பர் 29. அக்டோபர் 7 அன்றே நான் ஒழுங்காகப் படித்திருந்தால் ஐந்து வாரங்கள் முன்னதாக வரிசையில் நின்றிருப்பார்.

ஒமைக்ரானுக்குப் பின் எடுத்த முடிவுகள்

மருமகன் மையத்துக்குப் போன அதே வாரம் ஒமைக்ரான் என்ற புதிய உருமாறிய கொரோனா பற்றிய அறிவிப்புகள் வரத் தொடங்கின. டிசம்பர் 1 முதல், ‘ஆபத்து உள்ள நாடுகள்’ என்று பட்டியலிட்ட இடங்களிலிருந்து வருவோருக்கு விமான நிலையத்திலேயே பரிசோதனை. முடிவு வரும் வரை அங்கேயே காத்திருக்க வேண்டும். தொற்று இல்லையென்றால் ஏழு நாட்கள் வீட்டுத் தனிமை, எட்டாம் நாள் மறுபரிசோதனை, அதன் பின் மேலும் ஏழு நாட்கள் தன்னைத் தானே கவனித்துக்கொள்ள வேண்டும். பிரிட்டன் உட்பட ஐரோப்பிய நாடுகள் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. டிசம்பர் 12 அன்று கேரளத்தின் முதல் ஒமைக்ரான் தொற்று உறுதியானது. பிரிட்டனிலிருந்து அபுதாபி வழியாகக் கொச்சிக்கு வந்த ஒருவருக்கு. எங்கள் ஊர் டீக்கடைகளில் அடுத்த நாள் பேச்சு முழுக்க அதுதான்.

மகள் 17ஆம் தேதி இரவு புறப்பட வேண்டும். பெரியவரின் மகனும் மகளும் நானும் கைபேசியில் ஒன்றரை மணி நேரம் பேசி மூன்று முடிவுகள் எடுத்தோம்.

முதலாவது, இறங்கும் இடம். கோயம்புத்தூர் விமான நிலையம் வீட்டுக்கு மிக அருகில். சென்னைக்கு விமான வசதி நன்றாக இருந்தது. இரண்டையும் விட்டுக் கொச்சியைத் தேர்ந்தோம். தனிமையில் இருக்கப்போகும் முகவரி கேரளத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் இறங்கினால் ஒரு மாநிலத்தின் சுகாதாரத் துறை மற்றொரு மாநிலத்திடம் ஆளை ஒப்படைக்க வேண்டும். நடுவில் சோதனைச்சாவடி. கொச்சியில் இறங்கினால் விமான நிலையம், ஊராட்சி, ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாம் ஒரே நிர்வாகம். நாலு மணி நேரக் கார் பயணம் கூடினாலும் ஒரு வாசல் குறைந்தது.

இரண்டாவது, தங்கும் இடம். ‘வீட்டுத் தனிமை’ என்று உத்தரவு சொல்கிறது. அந்த வீட்டில் இருப்பவர் டயாலிசிஸ் நோயாளி. அப்பாவைப் பார்க்க வரும் மகள் அப்பா இருக்கும் வீட்டில் தங்கக் கூடாது என்று நான் சொன்னபோது, பெரியவர் தொலைபேசியைப் பிடுங்கி, “என் வீட்டுக்கு என் பிள்ளை வருவதற்கு யாரைக் கேட்க வேண்டும்?” என்றார். மகன் டயாலிசிஸ் பிரிவில் முன்கூட்டியே பேசியிருந்தார். வெளிநாட்டிலிருந்து வந்தவர் வீட்டில் இருந்தால் 14 நாட்கள் வழக்கமான பிரிவில் சேர்க்க மாட்டோம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். அதைக் கேட்ட பிறகே பெரியவர் இறங்கிவந்தார். வீட்டிலிருந்து முந்நூறு அடி தள்ளித் தோட்டத்தில் இருந்த பழைய சாளையை (தோட்டத்துச் சிறு வீடு) வெள்ளையடித்துத் தயார் செய்தார்கள். இந்தியாவுக்கு வரும் பயணிகள் புறப்படும் முன் இணையத்தில் நிரப்ப வேண்டியிருந்த ஏர் சுவிதா படிவத்திலும் அந்த முகவரியையே கொடுத்தோம்.

மூன்றாவது, அழைத்துவருவது. அப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் மகன் விமான நிலையத்துக்குப் போகக் கூடாது. தங்கையை இரண்டரை ஆண்டுகள் கழித்துப் பார்க்கப்போகும் அண்ணனிடம் இதைச் சொல்வது எளிதாக இல்லை.

புறப்பாடும் நெடும்பாசேரியும்

மருமகனின் பாஸ்போர்ட் 17ஆம் தேதி வரை திரும்பவில்லை. தாயும் மகளும் மட்டும் புறப்பட்டார்கள்.

அப்போது ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் பரிசோதனை வேண்டாம். பேத்திக்கு ஒன்பது என்பதால் அவளுக்கும் எடுக்க வேண்டும். 72 மணி நேரக் கணக்கைப் பலரும் முடிவு வரும் நேரத்திலிருந்து எண்ணினார்கள். எண்ண வேண்டியது மாதிரி எடுத்த நேரத்திலிருந்து. 16ஆம் தேதி காலை எடுக்கச் சொன்னேன். இரவு முடிவு வந்தது. படமெடுத்து அனுப்பினார். ஓசிஐ அட்டையிலும் பாஸ்போர்ட்டிலும் மகளின் பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயர். பரிசோதனை அறிக்கையில் கணவரின் குடும்பப் பெயர். ஆய்வகத்தில் முன்பு தொடங்கிய கணக்கு அந்தப் பெயரில் இருந்ததால் வந்த வினை. பாஸ்போர்ட் எண் சரியாக இருந்தது. ஆனாலும் இரவோடு இரவாகத் திருத்தக் கேட்டோம். விடிகாலையில் திருத்திய அறிக்கை வந்த பிறகுதான் ஏர் சுவிதாவில் ஏற்றினோம்.

கவுண்டரில் வேறு கேள்வி வந்தது. பேத்தியின் ஓசிஐ அட்டையில் இருப்பது பழைய பாஸ்போர்ட் எண். பழைய பாஸ்போர்ட்டைக் கையில் கொண்டுவரத் தேவையில்லை என்று 2021 மார்ச்சிலேயே அரசு அறிவித்துவிட்டது. கவுண்டரில் இருந்தவருக்கு அது தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று மூலை வெட்டிய அந்தப் பழைய பாஸ்போர்ட்டையும் பையில் வைக்கச் சொல்லியிருந்தேன். அதை எடுத்து வைத்ததும் பேச்சு முடிந்தது. தேவையில்லை என்று விதி சொல்லும் காகிதத்தையும் கூடவே வைத்திருக்கச் சொல்வது, விதியைப் படிக்காதவர் ஒருவர் எப்போதும் ஏதாவது ஒரு மேசையில் இருப்பார் என்பதால்தான்.

வளைகுடாவில் விமானம் மாறி, 18ஆம் தேதி பிற்பகல் கொச்சியின் நெடும்பாசேரி விமான நிலையத்தில் இறங்கினார்கள். எங்கே விமானம் ஏறினோம் என்பதைவிட, கடந்த 14 நாட்களில் எங்கே இருந்தோம் என்பதுதான் கணக்கு. அந்த விமானத்தில் பெரும்பாலோர் வளைகுடாவிலிருந்து வருபவர்கள். பிரிட்டனிலிருந்து வருகிறோம் என்று சொல்லி, மகள் தானாகவே தனி வரிசைக்குப் போனார். சொல்லாமல் போயிருந்தால் ஒருவேளை சீக்கிரம் வெளியே வந்திருப்பார். ஆனால் போய்ச் சேரும் இடத்தில் அப்பா இருக்கிறார். ஐந்து மணி நேரம் காத்திருந்தார்கள். பேத்தி பெட்டி வண்டியின் மேல் சாய்ந்து தூங்கிப்போனாள். இருவருக்கும் தொற்று இல்லை என்ற முடிவோடு வாடகைக் காரில் ஏறி, குதிரான் சுரங்கப்பாதை வழியே நள்ளிரவுக்குப் பின் சாளைக்கு வந்து சேர்ந்தார்கள். அண்ணன் வாசலில் விளக்கைப் போட்டுவிட்டு, சோற்றுச் சட்டியைத் திண்ணையில் வைத்துவிட்டு, வேலிக்கு அப்பால் நின்றிருந்தார்.

சாளையில் ஏழு நாட்கள்

மறுநாள் காலையே ‘ஆஷா’ எனப்படும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர் வேலிப்பக்கம் வந்து விவரம் எழுதிக்கொண்டார். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து தினமும் அழைப்பு வந்தது. காய்ச்சல் வந்தால் கேரளத்தின் சுகாதார உதவி எண்ணான திஷா 1056ஐ அழைக்கச் சொன்னார்கள்.

பெரியவர் இரண்டாம் நாள் மாலை தோட்டத்துக்கு வந்தார். மகன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் களத்தின் நடுவில் போட்டு உட்காரவைத்தார். பேத்தி சாளைப் படிக்கட்டில். இடையே நாற்பது அடி இருக்கும். அவளுக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். “அப்புச்சி” என்று கத்தினாள். இவருக்குக் காது மந்தம். என்ன சொல்கிறாள் என்று மகனைக் கேட்டார். உங்களைத்தான் கூப்பிடுகிறாள் என்றார் மகன். அதன் பிறகு டயாலிசிஸ் இல்லாத நாட்களில் எல்லாம் அந்த நாற்காலி அங்கேயே கிடந்தது.

எட்டாம் நாள் எது என்பதில் ஒரு குழப்பம் வந்தது. இறங்கிய 18ஆம் தேதியை முதல் நாளாக எண்ணினால் 25, எண்ணாவிட்டால் 26. சுகாதார நிலையத்தில் ஒருவர் ஒன்று சொன்னார், இன்னொருவர் மற்றொன்று. 25 கிறிஸ்துமஸ், ஆய்வகம் விடுமுறை. 26ஆம் தேதி எடுத்தோம். ஏழு நாட்கள் முழுதாகக் கழிந்த பின் எடுப்பதுதான் எந்தக் கணக்கிலும் நிற்கும். 27 அன்று இருவருக்கும் தொற்று இல்லை என்று முடிவு வந்தது. அன்றும் அவர்கள் வீட்டுக்குள் போய்த் தங்கவில்லை. பகலில் முகக்கவசத்தோடு திண்ணையில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். டயாலிசிஸ் ஒருமுறைகூடத் தவறவில்லை.

மருமகன்

விசா ஒட்டிய பாஸ்போர்ட் 21ஆம் தேதி அவர் கைக்கு வந்தது. ஓராண்டு, பலமுறை நுழைவு. நான்கு நாட்கள் தாமதம்.

இப்போது வரலாமா? 23 புறப்பட்டால் 24 வந்து சேர்வார். அவருடைய தனிமை 31 வரை. ஜனவரி 1 பரிசோதனை. 2ஆம் தேதி காலை மூவருக்கும் திரும்பும் விமானம். மாமனாரோடு இருக்க ஒரு மாலை மட்டுமே கிடைக்கும். அதற்கு இவ்வளவு செலவு வேண்டாம், ஈஸ்டருக்கு வரட்டும் என்றேன். மகளும் அப்படித்தான் நினைத்தார். பெரியவரிடம் மகன் கேட்டபோது, “ஈஸ்டர் எப்போது வருகிறது?” என்று கேட்டாராம். அதைக் கேட்டதும் மருமகன் டிக்கெட் போடச் சொல்லிவிட்டார்.

20ஆம் தேதி முதல் ஆபத்துப் பட்டியல் நாடுகளிலிருந்து வருவோர் விமான நிலையப் பரிசோதனைக்கு முன்பதிவு செய்ய வேண்டும் என்று புதிய உத்தரவு வந்திருந்தது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, ஐதராபாத் ஆகிய ஆறு விமான நிலையங்களுக்கு மட்டும். கொச்சி அதில் இல்லை. இந்தமுறை வரிவரியாகப் படித்தேன். கவுண்டரில் கேட்பார்கள் என்று தெரிந்து, உத்தரவை அச்சிட்டு, ஆறு பெயர்களின் கீழ் கோடிட்டு எடுத்துப்போகச் சொன்னேன். கேட்டார்கள். காட்டினார். மேலதிகாரி வந்து படித்துவிட்டு அனுப்பினார்.

அவர் மனைவியும் மகளும் இருந்த இடத்தில் தங்கினால் மூவரின் கணக்கும் முதலிலிருந்து தொடங்கும். சாளைக்குப் பின்புறம் தேங்காய் போட்டுவைக்கும் அறை ஒன்றைக் காலிசெய்து, தனிக் குளியலறையோடு அவருக்குக் கொடுத்தார்கள். வெளிநாட்டவர் தங்குவதைத் தெரிவிக்கும் சி படிவத்தை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிந்தேன். மனைவிக்கும் மகளுக்கும் ஓசிஐ இருப்பதால் இவருக்கு அந்தப் படிவம் வேண்டாம் என்று மகன் நினைத்திருந்தார்.

ஜனவரி 1 காலை மாதிரி எடுத்து, மாலை ஐந்து மணிக்கு முடிவு வந்தது. தொற்று இல்லை. ஆறு மணிக்கு மருமகன் வீட்டுத் திண்ணையில் மாமனாரின் எதிரே உட்கார்ந்தார். “வாருங்கள் மாப்பிள்ளை” என்றார் பெரியவர். இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது. ஒன்பது மணி வரை உட்கார்ந்திருந்தார்கள்.

திரும்பும் பயணம்

பிரிட்டனின் விதிகளும் இதற்குள் மாறியிருந்தன. டிசம்பர் 7 முதல், 12 வயது நிரம்பியவர்கள் புறப்படும் முன் இரண்டு நாட்களுக்குள் பரிசோதனை எடுக்க வேண்டும். போன பிறகு இரண்டாம் நாள் மற்றொன்று. மருமகனின் எட்டாம் நாள் பரிசோதனையே அவருடைய புறப்பாட்டுப் பரிசோதனையாகவும் ஆனது. பாஸ்போர்ட் எண்ணோடு அறிக்கை தரச் சொல்லி முன்பே கேட்டிருந்தோம். மகளும் அதே நாளில் எடுத்தார்.

நான் எதிர்பார்க்காத இடத்தில் ஒரு தடை இருந்தது. புத்தாண்டுக் கூட்டங்களைத் தடுக்க, டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை இரவு பத்து முதல் காலை ஐந்து வரை கேரள அரசு இரவுக் கட்டுப்பாடு விதித்திருந்தது. விமானம் அதிகாலையில். கார் இரவு முழுக்கச் சாலையில் இருக்கும். மூவரின் டிக்கெட் நகலும், ஓட்டுநருக்குத் திரும்பும் பயணத்துக்கான தன்னறிவிப்புக் கடிதமும் கொடுத்து அனுப்பினேன். வழியில் இரண்டு இடங்களில் நிறுத்தினார்கள். டிக்கெட்டைப் பார்த்து விட்டுவிட்டார்கள்.

இப்போது என்றால் எதை மாற்றுவேன்

இந்தப் பயணத்தில் நான்கு வாசல்கள் இருந்தன: விசா, விமான நிறுவனத்தின் கவுண்டர், இறங்கும் விமான நிலையத்தின் சுகாதார மேசை, மாநில எல்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்வி கேட்கிறது, வேறு வேறு நாளில் கேள்வியை மாற்றுகிறது. நான் முதலில் குடும்பத்துக்கு ஒரே ஒரு பட்டியல் போட்டேன். அதுதான் கோளாறு. இப்போது ஆளுக்கு ஒரு தாள் வைக்கிறேன். ஒரே வீட்டில் இருக்கும் மூவருக்கு மூன்று விதமான உரிமைகள் இருக்கலாம் என்பதை மருமகனின் விசா எனக்குப் பாடமாகச் சொன்னது.

விசாவின் முடிவுத் தேதியைக் கேட்பதோடு நிறுத்துவதில்லை. அந்த வகை இன்று நடப்பில் இருக்கிறதா என்று தனியாகப் பார்க்கிறேன். நிறுத்திவைக்கப்பட்ட ஐந்தாண்டுச் சுற்றுலா விசாக்கள் 2022 மார்ச் 16 அன்றுதான் உயிர்பெற்றன. அதிலும் மின்விசா, பிரிட்டன் குடிமக்களுக்கு இல்லை.

அறிவிப்புகளைச் செய்தித்தாள் தலைப்பிலிருந்து எடுப்பதை விட்டுவிட்டேன். உத்தரவின் முழு உரையையும் அச்சிட்டு, எந்த நாளில் படித்தேன் என்று மேலே எழுதிவைக்கிறேன். பயணத்துக்கு இரண்டு வாரம், மூன்று நாள், புறப்படும் காலை என்று மூன்று முறை மீண்டும் பார்க்கிறேன்.

ஆஸ்பத்திரியிடம் முன்கூட்டியே பேசியது மகனின் யோசனை. எனக்கு அது தோன்றவே இல்லை. நான் எல்லையையும் விமானத்தையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் நோயாளி இருந்தால் முதல் தொலைபேசி அழைப்பு அவருடைய சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

2022 ஏப்ரல்

ஜனவரி 11 முதல் எல்லா நாடுகளிலிருந்து வருவோருக்கும் ஏழு நாள் வீட்டுத் தனிமை வந்தது. பிப்ரவரி 14 முதல் அது போனது. ஆபத்துப் பட்டியலும் போனது. அதற்கென வெளியிட்ட வேறொரு பட்டியலில் உள்ள நாடுகளில் தடுப்பூசி முழுதாகப் போட்டவர்கள் பரிசோதனை முடிவுக்குப் பதில் அந்தச் சான்றையே ஏர் சுவிதாவில் ஏற்றலாம் என்றானது. பிரிட்டனும் இந்தப் புதிய பட்டியலில் இருந்தது. மார்ச் 27 முதல் வழக்கமான சர்வதேச விமானங்கள் திரும்பின.

ஏப்ரல் மாதம், ஈஸ்டர் வாரத்துக்கு முன்பே, ஒரு விடிகாலையில் பெரியவர் இறந்தார். மகன் என்னை அழைத்தபோது மணி ஐந்தரை. ஆளுக்கு ஒரு தாளாக வைத்திருந்த கோப்பை எடுத்தேன். மகள்: ஓசிஐ, தடுப்பூசிச் சான்று. பேத்தி: ஓசிஐ, தடுப்பூசி இல்லை, பரிசோதனை வேண்டும். மருமகன்: டிசம்பர் 21 அன்று கைக்கு வந்த நுழைவு விசா, இன்னும் எட்டு மாதங்கள் இருக்கிறது, நடப்பில் இருக்கிறது. மின்விசா அப்போதும் பிரிட்டனுக்குத் திறக்கவில்லை. அந்த விசா இல்லாமல் இருந்திருந்தால் அவர் வந்திருக்க முடியாது.

அன்று மாலையே பேத்திக்குப் பரிசோதனை எடுத்தார்கள். மறுநாள் மூவரும் புறப்பட்டார்கள். உடலைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தோம். கொச்சியில் இறங்கி முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டார்கள். இந்தமுறை மகனே காரை எடுத்துக்கொண்டு போயிருந்தார். வீட்டு வாசலில் இறங்கியதும் மருமகன் செருப்பைக் கழற்றிவிட்டு, பாடையின் முன்பக்க மூங்கிலைப் பிடிக்க மகனுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.